கண்ணாடி பாட்டில் குப்பையைக் குறைக்குமா? திரும்பி வந்தால் குறைக்கும்

கேள்வி இது: "காரைக்குடியில் பன்னீர் சோடா, ஜிஞ்சர், நன்னாரி போடுகிற சின்ன ஆலை ஒன்றை நானும் தம்பியும் ஆரம்பிக்கப் போகிறோம். கண்ணாடி பாட்டிலில் போட்டு, காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பினால் குப்பை குறையும் என்பது எங்கள் எண்ணம். மெஷின் சப்ளையரோ, கண்ணாடியெல்லாம் பழைய காலம், பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலுக்கு வாங்க என்கிறார். கண்ணாடி உண்மையிலேயே நல்லதா? கட்டுப்படியாகுமா? இன்னொன்று, ஆவணியில் எங்கள் வீட்டில் கல்யாணம். பந்தியில் இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைக்கிறார்களே, அதைத் தவிர்க்க வழி உண்டா?"

நான் குளிர்பான ஆலையில் பாட்டில் கழுவும் பிரிவில் பல வருடம் நின்றவன். அப்புறம் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் சரக்கு விநியோகமும் பார்த்தேன். கழுவுகிற பக்கமும் தெரியும், கடைக்காரர் காலி பாட்டிலைக் கொடுக்க மூக்கால் அழுகிற பக்கமும் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கண்ணாடி என்பதாலேயே பாட்டில் நல்லதாகிவிடாது. மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் மூன்றையும் கலந்து ஏறக்குறைய 1500 டிகிரி சூட்டில் உருக்கினால்தான் கண்ணாடி. அந்த உலை இரவு பகல் அணையாமல் எரிய வேண்டும். திரும்ப வாங்குகிற வகையைச் சேர்ந்த 200 மில்லி பாட்டில், தடிமனைப் பொறுத்து 300 கிராம் அளவுக்கு இருக்கும். அதே அளவு பெட் பாட்டில் பத்துப் பதினைந்து கிராம்தான். ஆக, ஒருமுறை குடித்துவிட்டு வீசுகிற கண்ணாடி பாட்டில், எரிபொருளிலும் புகையிலும் பிளாஸ்டிக்கைவிட மோசமான சரக்கு. இப்போது நகரத்துக் கடைகளில் பளபளவென்று கண்ணாடி பாட்டிலில் ஜூஸ், காபி என்று விற்கிறார்களே, 'நாங்கள் பிளாஸ்டிக் இல்லை' என்று வேறு எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்தப் பாட்டிலைத் திரும்ப வாங்க ஆள் இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

உடைந்த கண்ணாடியை மறுபடி உருக்கலாமே என்பீர்கள். உருக்கலாம், தரமும் குறையாது. ஆனால் உலையில் போடும் பழைய கண்ணாடியின் பங்கு பத்து சதவீதம் கூடினால் எரிசக்தி இரண்டு மூன்று சதவீதம்தான் மிச்சமாகும். கழுவித் திரும்ப நிரப்புவதில் கிடைக்கிற மிச்சத்துக்கு இது கிட்டவே வராது. போதாக்குறைக்கு, நம் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் முழு பீர் பாட்டிலுக்கு ஏதோ ஒரு விலை உண்டு, உடைந்த கண்ணாடிக்கு அநேகமாக ஒன்றும் கிடையாது. அதை உலை இருக்கும் ஊருக்கு லாரியில் அனுப்புகிற செலவுக்கே கட்டாது.

ஆக எல்லாமே ஒரு எண்ணில் வந்து நிற்கிறது: நூறு பாட்டில் வெளியே போனால் எத்தனை திரும்பி வருகிறது? இதைத் தாளில் எழுதிப் பாருங்கள். பாதிதான் திரும்புகிறது என்றால் ஒரு பாட்டில் சராசரியாக இரண்டு முறைதான் நிரம்பும். 80 திரும்பினால் ஐந்து முறை. 90 திரும்பினால் பத்து முறை. 95 என்றால் இருபது முறை. திரும்பாத பங்கால் ஒன்றை வகுத்தால் வருகிற விடை இது. 300 கிராம் கண்ணாடியை இந்தத் தடவைகளுக்குப் பங்கிட்டால், ஒரு தடவை நிரப்ப முறையே 150 கிராம், 60, 30, 15 கிராம் கண்ணாடி செலவாகிறது. கடைசி எண்ணைக் கவனியுங்கள். 95 சதவீதம் திரும்பும்போதுதான் எடைக் கணக்கில் பெட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வருகிறீர்கள். எடையும் புகையும் ஒன்றல்ல, ஒரு கிலோ பெட் தயாரிக்க ஒரு கிலோ கண்ணாடியைவிட அதிக எரிசக்தி பிடிக்கும் என்பதால் கண்ணாடி அதற்கு முன்பே ஜெயித்துவிடும். ஆனாலும் 80-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கிற அந்தப் பத்து பாட்டில்தான் உங்கள் தொழிலின் தலையெழுத்து. 80-இலிருந்து 90-க்குப் போனால் பாட்டில் செலவு பாதியாகிறது, பாருங்கள்.

ஜெர்மனியில் பீர் பாட்டில் ஐம்பது முறை வரை சுற்றும் என்பார்கள். அங்கே பல ஆலைகள் ஒரே வடிவப் பாட்டிலைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. யாருடைய பாட்டிலை யார் கழுவினாலும் ஒன்றுதான். நம் ஊரில் அப்படி இல்லை. சோடா கம்பெனிக்காரர் ஒவ்வொருவரும் பாட்டிலிலேயே பெயரை அச்சு வார்த்துக்கொண்டார்கள், நகரத்தார் வீட்டுப் பாத்திரங்களில் விலாசம் வெட்டி வைத்திருப்பார்களே, அதே காரணத்துக்காக. எவர் வீட்டுக்குப் போனாலும் சொந்தக்காரருக்குத் திரும்ப வேண்டும் என்று. அதில் ஒரு சங்கடமும் உண்டு. இன்னொரு கம்பெனி பாட்டில் உங்கள் கேஸில் (பாட்டில் அடுக்கும் பெட்டியில்) கலந்து வந்தால் அதைப் பிரித்து வைக்க வேண்டும், மாற்றிக்கொள்ள ஆள் அனுப்ப வேண்டும். பெயர் வார்த்த அடுத்தவர் பாட்டிலில் நம் சரக்கை நிரப்பி விற்றால் வக்கீல் நோட்டீஸ்தான் வரும். என் யோசனை: ஆரம்பத்தில் பெயர் வார்த்த பாட்டில் வேண்டாம். சாதாரண வடிவத்தில், சந்தையில் எளிதாகக் கிடைக்கிற கிரவுன் மூடி (ஓரம் மடித்த தகர மூடி) பாட்டிலை வாங்குங்கள். நாளைக்கு தேவகோட்டையிலோ புதுவயலிலோ இன்னொருவர் இதே தொழிலுக்கு வந்தால் அவரையும் அதே பாட்டிலுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

கோலி சோடா போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள் என்று தெரியும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கோலி பாட்டிலைப் பார்க்கும் எல்லோருக்கும் அந்த ஆசை வரும். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை எடுத்த பாட்டில் அது. தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள். வாயுவின் அழுத்தத்தில் கோலி ஓடிவந்து கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் அடைத்துக்கொள்ளும். மூடி என்று தனியாக எதுவும் கிடையாது, குப்பையும் கிடையாது. குப்பைக் கணக்கில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கழுவுகிறவன் கண்ணில் அது ஒரு தலைவலி. கழுத்து இறுக்கம், உள்ளே கோலி உருளும், பிரஷ் நுழையாது, ரப்பர் வளையத்துக்குப் பின்னால் அழுக்கு தங்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் உள்பக்கம் சரியாகத் தெரியாது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து நின்றால் உங்களால் பதில் சொல்ல முடியாது. அதோடு கோலிக்காகவே பாட்டிலை உடைக்கிற பையன்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். 1892-இல் வில்லியம் பெயின்டர் கண்டுபிடித்த கிரவுன் மூடி வந்த பிறகு, வேகமாக நிரப்பும் மெஷின்களோடு போட்டி போட முடியாமல் கோலி பின்னுக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை. ஆசைக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள், கடை வாசலில் வைத்து விற்க. ஆலையின் முதுகெலும்பு அதுவாக வேண்டாம்.

அப்புறம் தூரம். 200 மில்லி பாட்டில் 24 கொண்ட ஒரு கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற பானம் 4.8 லிட்டர், கிட்டத்தட்ட ஐந்து கிலோ. கண்ணாடி மட்டும் 7.2 கிலோ. கேஸின் எடை தனி. அதாவது வண்டி பானத்தைவிட அதிகமாகக் கண்ணாடியைத்தான் சுமக்கிறது, போகும்போதும் வரும்போதும். பெட் பாட்டிலாக இருந்தால் 24-க்கும் சேர்த்து முந்நூறு கிராம். இதனால்தான் பெரிய கம்பெனிகள் ஒரு மாநிலத்துக்கு ஒரு சில ஆலை என்று வைத்துக்கொண்டு நானூறு கிலோமீட்டர் அனுப்பும்போது கண்ணாடியைக் கைவிடுகின்றன. அவர்கள் கணக்கில் அது சரி.

உங்கள் கணக்கு வேறு. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, தேவகோட்டை, எல்லாமே காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது. செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் தூரம் குறைவு. காலையில் சரக்கு இறக்கிய வண்டி எப்படியும் சும்மாதான் திரும்பி வரும், அதில் காலி பாட்டில் ஏறி வந்தால் தனிப் பயணச் செலவு இல்லை. சின்ன ஆலைக்கு இருக்கிற ஒரே அனுகூலம் இதுதான். இதை விட்டுவிட்டு மதுரைக்கும் திருச்சிக்கும் அனுப்பலாம் என்று ஆசைப்பட்டால், பாட்டில் அங்கேயே தங்கிவிடும். வெளியூர் ஆர்டர் வந்தால் மறுத்துவிடுங்கள், அல்லது அதற்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

எத்தனை பாட்டில் வாங்க வேண்டும் என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். தினம் 500 பாட்டில் விற்கிறீர்கள், ஒரு பாட்டில் ஆலையை விட்டுப் போய்த் திரும்பிவர 15 நாள் ஆகிறது என்றால், 7,500 பாட்டில் எப்போதும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். ஆலையில் கழுவக் காத்திருப்பது, நிரப்பி வைத்திருப்பது எல்லாம் அதற்கு மேல். 15 நாள் 25 நாளாக இழுத்தால் அதே வியாபாரத்துக்கு 12,500 வேண்டும். நம் பக்கத்தில் இந்த இழுவை நிச்சயம் வரும். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிற வீடுகள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் திறக்கும், சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், ஐந்து கேஸ் வாங்குவார்கள், குடித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் பாட்டில் அடுத்த விசேஷம் வரைக்கும் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் (உள் முற்றத்தை ஒட்டிய பகுதியில்) கேஸோடு அடைந்து கிடக்கும். அதனால் வீட்டு ஆர்டர் எடுத்தால், விசேஷம் முடிந்த மறுநாள் காலையிலேயே வண்டி போய்க் காலியை எடுத்துவர வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட் விஷயத்துக்கு வருவோம். நீலகிரி இதற்கு நல்ல உதாரணம். காட்டுக்குள் வீசிய மது பாட்டில்கள் உடைந்து யானை முதலான விலங்குகளின் கால்களைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை பிரச்சினை போய், 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தருகிற திட்டம் வந்தது. பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்தவர் வீசினாலும் அடுத்தவர் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்துக் காசு வாங்கினார். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் போனது. கடை ஊழியர்களுக்கு வேலை கூடியது, இடம் போதவில்லை என்ற புகார்களும் வந்தன. அந்தப் புகார்கள் நியாயமானவை, உங்கள் திட்டத்திலும் அதே இடத்தில்தான் இடிக்கும்.

அந்தப் பத்து ரூபாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நம் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்றால் புரியும். கோடையில் தண்ணீர் வற்றியதும் பாதி புதைந்த பாட்டில் துண்டுகள் வெளியே தெரியும். வண்டல் அள்ள இறங்குகிறவருக்கும் மேய்கிற மாட்டுக்கும் அதுதான் எமன். உங்கள் பாட்டிலும் அங்கே போய்ச் சேராமல் இருக்க வேண்டுமென்றால் டெபாசிட் கைக்கு உறைக்கிற தொகையாக இருக்க வேண்டும். இரண்டு ரூபாய் என்றால் யாரும் திரும்பி வர மாட்டார்கள். புதுப் பாட்டில் வாங்குகிற விலைக்கு ஓரளவு நெருக்கமாக வையுங்கள். அதைத் தாண்டிப் போகவும் கூடாது, தாண்டினால் வேறு எங்கோ மலிவாக வாங்கிய பாட்டிலை உங்களிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். வசூலான டெபாசிட் உங்கள் வருமானம் இல்லை, கடன். தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்தப் பணத்தை எடுத்துச் சர்க்கரை மூட்டை வாங்கினால், சீசன் முடிந்து எல்லாரும் ஒரேயடியாகக் காலியைக் கொண்டுவரும்போது கையில் காசு இருக்காது.

கடைக்காரரைக் கவனிக்காமல் இந்தத் திட்டம் ஓடாது. காலி கேஸ் அவர் கடையில் இடத்தை அடைக்கிறது, சர்க்கரை வாசத்துக்கு எறும்பு வருகிறது, பெரிய கம்பெனி ஃபிரிட்ஜ் கொடுத்திருக்கிறது, அதில் உங்கள் பாட்டிலை வைக்கக் கூடாது என்று சேல்ஸ்மேன் முறைக்கிறார். இத்தனையும் தாங்கிக்கொண்டு அவர் ஏன் உங்கள் பாட்டிலை விற்க வேண்டும்? காலியாகத் திரும்புகிற ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு சின்னத் தொகை கொடுங்கள். வண்டி சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போகட்டும். டிரைவர் காலியை எண்ணி அங்கேயே சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். என் அனுபவத்தில் கடைக்காரர்கள் கண்ணாடியை வெறுத்ததற்குப் பாதிக் காரணம் இந்த எண்ணிக்கைச் சண்டைதான்.

கண்ணாடி பாட்டில் ஓஹோவென்று ஓடிய காலத்திலும் எல்லாம் சுத்தமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பொவண்டோவும் சரி, கோலாக்களும் சரி, என் தலைமுறைக்குக் கண்ணாடி பாட்டிலில்தான் அறிமுகம். பார்சல் கேட்டால் கடைக்காரர் பாட்டிலைத் தர மாட்டார். ஒரு பாலிதீன் கவரில் ஊற்றி, ஸ்ட்ரா சொருகி, ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுப்பார். பாட்டில் பத்திரமாக கேஸுக்குப் போகும், கவரும் ஸ்ட்ராவும் சாக்கடைக்குப் போகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோது ஸ்ட்ரா, கைப்பை, தண்ணீர் பாக்கெட் எல்லாம் பட்டியலில் இருந்தன. பெட் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. தடுக்கப்படாத பொருள்தானே வளரும், வளர்ந்தது. 2023-இல் ரிலையன்ஸ் கேம்பாவை மறுபடி இறக்கி 200 மில்லி பெட் பாட்டிலைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்ததும் மற்ற கம்பெனிகளும் அந்த விலைக்கு இறங்கின. பெட்டிக்கடையில் கண்ணாடிக்கு இருந்த மலிவு என்ற கடைசிப் பிடியும் அதோடு நழுவியது. நீங்கள் பத்து ரூபாய்ச் சண்டைக்குப் போகாதீர்கள். தோற்பீர்கள். உண்மையான நன்னாரி வேர், நல்ல பன்னீர், கண்ணாடியில் மட்டும் நிற்கிற வாயு வேகம், இதற்குக் காசு கொடுக்கிறவர்களிடம் விற்க வேண்டும். சின்ன பெட் பாட்டிலில் வாயு சுவர் வழியாகவே மெல்லக் கசியும், சில வாரங்களில் உறைப்பு குறைந்துவிடும். கண்ணாடியில் அப்படி நடக்காது. இதை உங்கள் வாடிக்கையாளர் நாக்கே சொல்லிவிடும்.

இனிக் கழுவும் வேலை. எனக்குப் பிடித்த பகுதி, அதனால் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த பாட்டிலை முதலில் மூக்கால் பிரிக்க வேண்டும். மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், பெயின்ட், ஃபினாயில் என்று எதையும் ஊற்றி வைத்திருப்பார்கள். அந்த வாசம் கழுவப் போடுகிற காஸ்டிக் சோடாவிலும் போகாது. சந்தேகம் வந்தால் உடைத்துப் போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். வாய் ஓரம் சிதறியது, உடம்பில் கீறல் ஆழமானது இவற்றையும் ஒதுக்க வேண்டும். வாயு ஏற்றிய பாட்டிலுக்குள் வெயில் நாளில் பல மடங்கு காற்றழுத்தம் இருக்கும், கீறல் விழுந்த பாட்டில் வெடித்தால் நிரப்புகிறவர் கண்ணுக்கு ஆபத்து. நிரப்பும் இடத்தில் கம்பி வலை மறைப்பும் முகக்கவசமும் இல்லாமல் ஒரு நாள்கூட வேலை நடக்கக் கூடாது.

அடுத்து முன் அலசல். பிறகு ஒன்றரை முதல் மூன்று சதவீத காஸ்டிக் சோடா கரைசலில், 60 டிகிரிக்கு மேலான சூட்டில் ஊறல். லேபிளும் பிசுக்கும் பூசணமும் இங்கேதான் கழலும். அதன் பின் ஜெட் தண்ணீர், கடைசியில் குடிதண்ணீர் தரத்தில் அலசல். சுடுகரைசலிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் பாட்டில் படீரென்று விரியும், அதனால் சூட்டைப் படிப்படியாக இறக்க வேண்டும். கடைசி அலசல் தண்ணீர் கிட்டத்தட்ட சுத்தமானது, அதைக் கொட்டாமல் முன் அலசலுக்குத் திருப்பி விடுங்கள். இந்த ஒரு குழாய் இணைப்பிலேயே தண்ணீர்ச் செலவு பெரிதும் குறையும். செட்டிநாட்டில் ஊரணி வெட்டி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து வாழ்ந்தவர்கள் நாம், பாட்டிலுக்கு ஒரு குடம் என்று கழுவினால் ஊர் சும்மா விடாது, விடவும் கூடாது. போர் தண்ணீர் கடினமாக இருந்தால் பாட்டிலில் வெள்ளைப் படலம் படியும், தண்ணீரை மென்மையாக்கும் ஏற்பாடு வேண்டியிருக்கும்.

கழுவிய பாட்டிலில் காஸ்டிக் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க பினால்ப்தலீன் என்ற சோதனைத் திரவம் ஒரு சொட்டு போதும். இளஞ்சிவப்பாக மாறினால் மறுபடி அலச வேண்டும். அப்புறம் விளக்குத் திரை முன்னால் ஒவ்வொரு பாட்டிலாகக் கண்ணால் பார்ப்பது. இந்த வேலையில் ஒருவரை மணிக்கணக்கில் உட்கார வைக்காதீர்கள், கண் சோர்ந்தால் கரப்பான் பூச்சியே கடந்து போகும். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கரைசலைத் தினம் கொட்ட வேண்டியதில்லை, கசடைத் தெளிய வைத்து, வலு குறைந்த அளவுக்குச் சேர்த்துக்கொண்டே ஓட்டலாம். கடைசியில் வெளியேற்றும்போது காரத்தை முறித்து, பி.எச். அளவு 5.5-க்கும் 9-க்கும் இடையில் வந்த பிறகே விட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இதற்காகத்தான். இந்தக் காஸ்டிக் சோடாவே உப்புநீரில் மின்சாரம் செலுத்திப் பிறக்கிற பொருள். அதற்கான டைட்டானியம் மின்முனைகளில் நம்ம காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில்) முக்கியமான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த நிறுவனம் அது. சும்மா தெரிந்துகொள்ளுங்கள்.

லேபிளுக்குக் காகிதம் போதும், காஸ்டிக்கில் கரைகிற பசையோடு. பிளாஸ்டிக் சுருக்கு உறை போட்டால் ஒவ்வொரு பாட்டிலையும் கையால் உரிக்க வேண்டும், குப்பையும் உங்கள் வாசலிலேயே சேரும். நிரந்தரமாக அச்சிட நினைத்தால் ஈயம், காட்மியம் இல்லாத சாயம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடைந்த பாட்டிலைப் பொடித்து, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லில் சேர்க்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள், அந்த வழவழப்பு அப்படித்தான் வருகிறது. கண்ணாடியைக் கலவைக்குள் போடுவது வேறு கதை. சிமென்டிலுள்ள காரம் கண்ணாடித் துணுக்கோடு வினைபுரிந்து ஊதி, கல்லில் விரிசல் விழ வைக்கும். மாவுபோல மிக நைசாக அரைத்தால் அந்த ஆபத்து குறையும், ஆனால் அதற்கு மெஷின் வேண்டும். உடைந்ததை மூட்டை கட்டி மொத்த வியாபாரியிடம் சேர்ப்பதே சுலபம்.

திருவிழாவில் கண்ணாடி விற்காதீர்கள். கொப்புடையம்மன் கோயில் கூட்டத்திலோ குன்றக்குடிப் பங்குனி உத்திரத்திலோ பாட்டிலைக் கையில் கொடுத்தனுப்பினால் ஒன்றும் திரும்பாது, வெறுங்காலோடு நடக்கிற பக்தர் காலும் கிழியும். ஸ்டால் போட்டு, டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, அங்கேயே குடிக்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கல்யாணம். ஆயிரம் இலைக்கு ஆயிரம் குட்டி பாட்டில் என்றால் பிளாஸ்டிக் எடை பத்து கிலோ சொச்சம்தான், ஆனால் பாதிக்கு மேல் பாட்டில்கள் அரைகுறையாகக் குடித்து இலையோடு சேர்த்துச் சுருட்டப்படும். சாப்பாட்டுக் கழிவோடு கலந்த பெட் பாட்டிலைப் பொறுக்குகிறவரும் எடுக்க மாட்டார். இதற்குக் கண்ணாடி பாட்டில் பதில் இல்லை. பந்தி முடிந்து அவசரமாக இலை எடுக்கும்போது ஒன்று உடைந்தால் அந்த வரிசை முழுக்க நிறுத்த வேண்டிவரும். எவர்சில்வர் டம்ளரும் கூஜாவும் 20 லிட்டர் கேனும் போதும். கேன் தண்ணீரே மறுபயன்பாடுதான் என்பதை நாம் கவனிப்பதில்லை. டெபாசிட் கட்டுகிறோம், கேன் போடுகிற பையன் வண்டியில் வந்து நிறைந்ததை வைத்துவிட்டுக் காலியை எடுத்துப் போகிறார். பாட்டில் திரும்புவது நம் ஊரில் நடக்காது என்கிற சப்ளையரிடம் இதைக் காட்டுங்கள்.

வீட்டில் சாமான் அறையைத் திறந்து பாருங்கள், முந்நூறு டம்ளராவது இருக்கும், இல்லாவிட்டால் பங்காளி வீட்டில் இருக்கும். இரண்டு பந்திக்குப் போதுமான டம்ளர், இடையில் கழுவ வெந்நீரும் இரண்டு ஆளும் வேண்டும். சமையல்காரரிடம் ஒப்பந்தம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், அன்றைக்குக் காலையில் சொன்னால் நடக்காது. தண்ணீர் ஊற்ற வரிசைக்கு ஒருவரை நிறுத்துங்கள். பாட்டில் வைப்பது மரியாதை என்று நினைக்கிற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே உங்கள் ஆச்சியை விட்டுப் பேசச் சொன்னால் காரியம் நடக்கும்.

வரவேற்புக்கு உங்கள் பன்னீர் சோடாவையே கண்ணாடி பாட்டிலில் வைக்கலாம். வளவை (வீட்டு முற்றத்தை) விட்டு வெளியே போகாத பாட்டில் நூற்றுக்கு நூறு திரும்பும், ஆலைக்கும் அது நல்ல ஒத்திகை. அதே காரணத்தால் உங்கள் முதல் வாடிக்கையாளர்களாகப் பெட்டிக்கடைகளை விட்டுவிட்டு, கானாடுகாத்தான் பக்கத்துப் பாரம்பரிய விடுதிகளையும், காரைக்குடி மெஸ்களையும், உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகங்களையும் பிடியுங்கள். பாட்டில் அவர்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகாது, திரும்பும் விகிதம் முதல் மாதத்திலேயே 95-ஐத் தொட்டுவிடும்.

மெஷினுக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். பெட் பாட்டில் ஊதும் மெஷினுக்குக் கடன் வாங்கிவிட்டால் அதை ஓட்டியே ஆக வேண்டும், பிறகு கண்ணாடி என்பது பேச்சில் மட்டும் இருக்கும். முதல் சீசனுக்கு ஆள் கையால் இயக்கும் கிரவுன் மூடி மெஷினும், சிறிய நிரப்பும் இயந்திரமும், நல்ல கழுவும் தொட்டியும் போதும். பணத்தில் பெரும்பங்கைத் தொட்டிக்கும் பாட்டிலுக்கும் கேஸுக்கும் போடுங்கள். தினம் எத்தனை போனது, எத்தனை வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்தும் எண் 85-க்குக் கீழேயே நின்றால், அப்போது சப்ளையரைக் கூப்பிட்டுப் பேசலாம்.